டப்போவுக்குப் போக ஒரு துண்டு வெல்லம்

தண்டபாணி அண்ணாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. ஊருக்கெல்லாம் நல்லவராக இருக்கும் ஆண்களைக் கட்டிக்கொண்ட பெண்களின் பக்கம் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. அவருக்குப் புக்கெகோஹி என்ற விவசாய ஊரில் காய்கறி பொதி செய்கிற ஒரு கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை. அவருடைய மனைவி பங்கஜம் அக்கா இரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் இரத்தம் எடுக்கிறவர். மகள் வைஷாலி வேலை கிடைத்து வெலிங்டனுக்குப் போய்விட்டாள். நாங்கள் யாழ்ப்பாணம், அவர்கள் ஈரோடு. ஆனால் அவர் கொண்டுவரும் வெங்காயத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. வாரம் தவறாமல் ஒரு பை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

அவர்கள் சமையலறைச் சுவரில் ஈரோட்டிலிருந்து வந்த தினசரிக் காலண்டர் தொங்கும். ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் அதில் உண்டு. நம் ஆட்களில் யார் கார் வாங்கினாலும், வீடு மாறினாலும், விசாவுக்கு விண்ணப்பித்தாலும் அவருக்குத்தான் போன் போடுவார்கள். அவர் சோதிடர் இல்லை, யாரையும் தடுத்ததும் இல்லை. எந்தத் தடைக்கும் அவரிடம் ஒரு பரிகாரம் இருக்கும். "அதுக்கென்ன, கிளம்புங்க" என்று சொல்லிச் சொல்லியே இந்த நகரத்தில் பாதித் தமிழரை அவர் வழியனுப்பி வைத்திருக்கிறார். அந்தச் சொல் பங்கஜம் அக்காவுக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை.

அக்காவின் ஆசை ஒன்றும் பெரிதில்லை. தானும் கணவருமாகத் தனியே நாலு நாள் எங்காவது போய் வரவேண்டும், அவ்வளவுதான். தேனிலவுக்கே பழனிக்கு மாமியாரோடு போனவர் அவர். அதன் பிறகு போன பயணமெல்லாம் கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பு. வைஷாலி போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, "டப்போவுக்குப் போகப் போறேன் ரதி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "அது எங்கயக்கா இருக்கு?"

"ஆஸ்திரேலியாவுல. சிட்னியிலிருந்து இன்னொரு குட்டி விமானம் பிடிச்சு மேற்கே போகணும். ஒரே சமவெளி. பெரிய மிருகக்காட்சிசாலை இருக்கு, சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கிட்டு ஒட்டகச்சிவிங்கி பாத்துக்கிட்டே சுத்தலாம்."

"சிட்னியிலயே நிண்டிட்டு வரலாமே?"

"சிட்னியில இவரோட அத்தை மகன். மெல்பர்ன்ல என் தங்கச்சி. பிரிஸ்பேன்ல இவரோட காலேஜ் கூட்டம். மேப்பை வச்சுத் தேடிப் பாத்துட்டேன். டப்போவுலதான் எங்களுக்கு யாருமே இல்லை!"

சிரித்து எனக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. ஒரு பெண் சொந்தக்காரர் இல்லாத ஊரை மேப்பில் தேடுகிறாள் என்றால் அவளுக்கு எவ்வளவு அலுத்திருக்க வேண்டும்!

அக்டோபர் மாத நீண்ட வாரஇறுதியை அக்கா குறிவைத்தார். வெள்ளிக்கிழமை புறப்பட்டு, விடுமுறைத் திங்களன்று திரும்புவது திட்டம். அண்ணா காலண்டர் முன்னால் போய் நின்றார். இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் பயணம் கூடாது என்பதுதானே சூலம்? வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். ஆக்லாந்திலிருந்து ஆஸ்திரேலியா மேற்கு. ஞாயிறும் அப்படித்தான். சனிக்கிழமை போகலாம். ஆனால் திரும்பி வருவது கிழக்கே, திங்களன்று கிழக்கே சூலம்.

"அப்ப சனிக்கிழமை போயிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்துடலாம் பங்கஜம்."

"எதுக்கு? டப்போ ஏர்போர்ட்ல பல்லு தேச்சுட்டு வர்றதுக்கா?"

இந்தச் சண்டை வேலியைத் தாண்டி எங்கள் வீட்டுக்கே கேட்டது. அடுத்த நாள் வேறொரு தேதி, அதற்கும் ஒரு குறை. வைஷாலி போனில் "ஜஸ்ட் கோ, அப்பா" என்று கத்திப் பார்த்தாள், பலனில்லை. விமானச் சீட்டின் விலை ஏறிக்கொண்டே போனது. அக்கா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். "விடு ரதி, அவருக்கு என்னோட வர இஷ்டமில்லை போல" என்று ஒருநாள் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்காவை எங்கள் வீட்டு மேசையில் உட்கார வைத்தேன். "வாயே திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் இருக்கும் அவர் கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணா, ஒரு உதவி. எங்கட இவர் வாற வெள்ளிக்கிழமை பேர்த்துக்குப் போகவேணுமாம். மேற்கே சூலமெல்லோ? என்ன செய்யிறது எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்." என் கணவர் வசீகரன் அந்த நேரம் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பேர்த் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர்.

"அதுக்கென்னம்மா!" அண்ணாவின் குரலில் என்ன உற்சாகம்! "ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டுக் கிளம்பச் சொல்லு. ஒண்ணும் ஆகாது."

"திங்கக்கிழமை திரும்பி வாறார் அண்ணா. அண்டைக்குக் கிழக்கே…"

"ஒரு ஸ்பூன் தயிர். முடிஞ்சுபோச்சு. இதுக்கெல்லாம் போய் யாராவது பயணத்தை நிறுத்துவாங்களா?"

அக்கா நான் போட்ட கட்டளையை மீறினார். போனுக்குக் கிட்டே குனிந்து, மிக மெதுவாகச் சொன்னார்: "ஏங்க, நம்ம வீட்டுலயும் வெல்லம் இருக்குங்க."

மறுமுனையில் போன் துண்டிக்கப்பட்டது. சற்று நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது. வீட்டுச் செருப்போடு தண்டபாணி அண்ணா நின்றார். முகம் செத்துப் போயிருந்தது. நன்றாக நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று காத்திருந்த நான், அதைப் பார்த்ததும் விலகி வழிவிட்டேன்.

"சூலம் எல்லாம் சும்மா பங்கஜம்" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

"விமானத்துக்கா?"

"இல்லை. நாலு நாள் நாம ரெண்டு பேர் மட்டும். என்ன பேசுறது? வைஷாலி இருந்த வரைக்கும் அவளைப் பத்திப் பேசினோம். இங்க யாராவது போன் பண்றாங்க, நேரம் ஓடுது. அங்க போய் நீ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காந்து, 'இந்த ஆளோட வந்ததுக்கு வராமலே இருந்திருக்கலாம்'னு நினைச்சிட்டா?"

ஊருக்கெல்லாம் பரிகாரம் சொன்ன மனிதரிடம் தன் பயத்துக்கு ஒன்றும் இருக்கவில்லை. எனக்கிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அக்கா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒருத்தி அங்கே நிற்பதையே மறந்துவிட்டார். "நீங்க பேசவே வேண்டாம். பேச எனக்கு நிறைய இருக்கு. ஒட்டகச்சிவிங்கி வந்தா மட்டும் 'பங்கஜம், அங்க பாரு'ன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அன்றைக்கே சீட்டுப் போட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போகுமுன் அக்கா ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து அண்ணாவின் வாயில் போட்டார். மீதியை ஆஸ்திரேலியாவில் உணவுச் சோதனையில் பறித்துவிடுவார்கள் என்று என் கையில் கொடுத்தார். வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு அண்ணாவால் எனக்குச் சரியாக டாட்டா கூடச் சொல்ல முடியவில்லை.

சனியும் ஞாயிறும் ஒரு செய்தியும் இல்லை. நான்தானே தூண்டிவிட்டவள்? இரண்டு பேரும் பேச்சில்லாமல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தால்? திங்கள் மாலை அவர்களை அழைத்துவரக் கார்ச் சாவியை எடுத்தபோது வாட்ஸ்அப்பில் அக்காவின் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார், சைக்கிள் மணிச் சத்தமும் கேட்டது.

"ரதி, ஏர்போர்ட்டுக்கு வராதே. இன்னிக்குக் கிழக்கே சூலமாம். டப்போ முழுக்கத் தேடிட்டாராம், எங்கயும் தயிர் கிடைக்கலையாம். ரெண்டு பேரும் லீவு சொல்லிட்டோம். புதன்கிழமைதான் வர்றோம்…" அதற்குமேல் அவர் சொன்னது கேட்கவில்லை. பின்னால் அண்ணா, "பங்கஜம், அங்க பாரு! இல்லடி, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

அவ்வளவு பெரிய ஆஸ்திரேலியாவில் ஒரு ஸ்பூன் தயிர் கிடைக்கவில்லையாம். நானும் நம்பிவிட்டேன்.