கணவாய் ஓட்டுக் கரடிகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, இத்தாலியின் பலேர்மோவில் நான் வேலை செய்கிற வீட்டில் நடந்தது இது. அந்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுகிறவர், இளம் வயதில் கனடாவின் வடகோடியில் தாதியாக இருந்தவர். அங்குள்ள இனுயிட் மக்களில் ஒருவர் தன் கையால் செதுக்கிக் கொடுத்த கல் கரடி ஒன்று அவருடைய அலமாரியில் இருந்தது. கரும்பச்சைக் கல். உள்ளங்கைக்குள் அடங்கும், தூக்கினால் பெரிய மிருகத்தைத் தூக்கியது போல இருக்கும். தூசி துடைக்கிற சாட்டில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

என் கணவருக்குப் பக்கத்து ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சமையலறை வேலை. அங்கே குப்பையில் வீசுகிற பெரிய கணவாய் மீன் ஓடுகளை ஒருநாள் கொண்டுவரச் சொன்னேன். உள்பக்கம் மென்மையாக இருக்கும். செதுக்கக் கறிக்கத்தி நுனியே போதும். முதல் மூன்றும் பன்றிக்குட்டி மாதிரி வந்தன. நாலாவது கரடியானது.

கல் கரடியின் வயிற்றடியில் முக்கோணமும் கொக்கியுமாகச் சில கீறல்கள் இருந்தன. வடிவான வேலைப்பாடு என்று நினைத்துப் படம் எடுத்துவந்து, என் கரடிகளின் அடியிலும் அப்படியே கீறினேன். உயிர்த்த ஞாயிறு அன்று கோயிலுக்கு வந்த சிநேகிதிகளுக்கு ஏழு கரடி கொடுத்தேன். எல்லாரும் திருப்பிப் பார்த்து அந்தக் கீறலைத்தான் புகழ்ந்தார்கள்.

அடுத்த கிழமை கனடாவிலிருந்து ஒரு பெண் சிஞ்ஞோராவைப் பார்க்க வந்தார். கல் கரடியைச் செதுக்கியவரின் மகள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கோப்பித் தட்டில் என் கரடி ஒன்றையும் வைத்து நீட்டினேன்.

சிரித்தபடி எடுத்தார். முதுகைத் தடவினார். திருப்பினார். சிரிப்பு நின்றுபோனது. அவர் ஆங்கிலத்தில் கேட்டதை சிஞ்ஞோரா எனக்கு இத்தாலியனில் சொன்னார்.

"இதை எழுதினது ஆர்?"

"எழுதேல்லை சிஞ்ஞோரா. பூ வேலை மாதிரி நான்தான் கீறினனான்."

"அது பூ வேலை இல்லை. அவையின்ரை எழுத்து. இவவின்ரை அப்பாவின்ரை பேர்."

அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லையாம்.

எனக்கு உடம்பு கூசிப்போனது. சொந்தமாக எழுத்துள்ள ஒருத்தி, இன்னொருவரின் எழுத்தைக் கோலம் என்று நினைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"இதை அப்பா செய்யேல்லையே" என்றார்.

கத்தியை எடுத்துவந்து அவர் முன்னாலேயே அந்தப் பேரைச் சுரண்டினேன். மேசையில் வெள்ளைத் தூள் கொட்டியது. பார்த்துக்கொண்டே இருந்தவர், "நீங்கள் கரடியைக் கண்டிருக்கிறீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்பா கரடிக்கு முன்னாலை நிண்டவர்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், கொடுத்த கரடிகளைத் திருப்பி வாங்க வீடு வீடாகப் போனேன். ஒருத்தி, "என்னடி, குடுத்ததைப் பறிக்க வந்தனியோ?" என்று வாசலிலேயே கத்தினாள். விசயத்தைச் சொன்னதும் உள்ளே போய் எடுத்துத் தந்தாள். ஆறு கிடைத்தன. ஏழாவதை வைத்திருந்தவள் அதற்குள் கப்பலேறி ஜெனோவாவுக்குக் குடிபோய்விட்டாள். தொலைபேசியில் பிடித்தபோது, சாமான் கட்டுகிற அவசரத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றாள். யாருக்கு என்று அவளுக்கே நினைவில்லை.

கனடாக்காரர் புறப்படுகிற அன்று, ஒன்று மட்டும் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தலையாட்டினார். நான் சுரண்டிய அந்தக் கரடியைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நான் இப்போதும் செதுக்குகிறேன். எங்கள் ஊர் மன்னாரில் தெருவை மறித்துக்கொண்டு நின்ற கழுதைகள், இங்கே மொண்டெல்லோக் கடற்கரையில் படகுக்கடியில் படுத்திருக்கும் பூனைகள் என்று நான் கண்டவற்றைத்தான். கால்களை ஒல்லியாக இழுக்காமல் உடம்போடு சேர்த்துவிடுவது மட்டும் அந்தக் கல் கரடியிடம் படித்தது. கேட்கிறவர்களுக்கு அதை மறக்காமல் சொல்லிவிடுவேன். பிடித்துப்போனதால்தான் அன்றைக்கு அப்படிச் செய்தேன், ஆனால் பக்கத்திலேயே இருந்த சிஞ்ஞோராவிடம் "இது என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லையே என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.