சளியின் நிறம்

"சளி என்ன நிறத்துல வருதும்மா?" என்று டாக்டர் கேட்டதும் எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், பள்ளத்தூர் வீட்டில் என் தகப்பனார், அப்பச்சி, ஓயாமல் கேட்ட கேள்வி அது.

அப்பச்சி பினாங்குக் கடையை விட்டு ஊர் திரும்பியபோது, பக்கத்துக் கடைச் சீன வைத்தியரிடம் பழகிய வைத்தியத்தையும், ஒரு தகர டப்பா நிறையக் காய்ந்த ஆரஞ்சுத் தோலையும் கொண்டுவந்தார். வீட்டில் யார் இருமினாலும் வெள்ளைப் பீங்கான் தட்டை நீட்டித் துப்பச் சொல்வார். முற்றத்து வெயிலில் வைத்துக் குனிந்து பார்ப்பார். நீர்த்து வெள்ளையாக இருந்தால் குளிர்ச்சி. இஞ்சியும் தோலும் கொதிக்கும். மஞ்சளாகக் கெட்டியாக இருந்தால் சூடு, இஞ்சியே ஆகாது.

என் தாய், ஆத்தா, மட்டும் அந்தத் தட்டைத் தொட மாட்டாள். புருஷன் முன்னால் துப்பக் கூச்சம்.

"உனக்கு என்ன நிறத்துல வருது?"

"வெள்ளையாத்தான் வருது. நீங்க சாப்பிட வாரீகளா?"

அதை நம்பி அப்பச்சி மாசக்கணக்கில் இஞ்சித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். கிணற்றடியில் ஆத்தா அலசிய முந்தானையில் நான் சிவப்பைப் பார்த்தேன்.

"அப்பச்சிகிட்ட சொல்லிப்புடாத" என்றாள். நானும் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஆத்தா இல்லை.

டாக்டர் மறுபடியும் கேட்கிறார். என்னை வற்புறுத்திக் கூட்டிவந்த மகள் என் முகத்தையே பார்க்கிறாள்.

"வெள்ளைதான்" என்கிறேன். காலையில் இருமித் துடைத்த கைக்குட்டை என் கைக்குள் கசங்கிக் கிடக்கிறது. அதை நான் இன்னும் விரித்துப் பார்க்கவில்லை.