லேபிள் உரிந்த டப்பாக்கள்

பிஸ்கட்டம்மா என்றால்தான் அந்தத் தெருவுக்கே தெரியும். வேன் ஓட்டும் புருஷன் முதுகு பிடித்துப் படுத்த வருஷம், வீட்டு ஓவனில் பிஸ்கட் சுட்டுப் பள்ளிக்கூட வாசலில் விற்க ஆரம்பித்தவள். கைராசி என்பார்கள். ராசியாவது ஒண்ணாவது, தூக்கத்தைத் தொலைத்துச் சம்பாதித்த பெயர் அது. இப்போது டயர் கடைக்குப் பின்னால் ஒரு கூடம் வாடகைக்குப் பிடித்து, நாலைந்து பெண்களை வைத்து நடத்துகிறாள்.

பெரிய ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து ருசி பார்த்துவிட்டு, "தினமும் வேணும்" என்றார்கள். உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால்தான் என்று ஒரு கொக்கியும் போட்டார்கள். அந்த ஆர்டர் கிடைத்தால் எல்லோருக்கும் வருஷம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால், பள்ளிக்கூடம் லீவு விட்டதும் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது என்று யோசிக்க ஆரம்பித்தாலே கணக்கு நோட்டை மூடி வைத்துவிடுவாள்.

சான்றிதழுக்கு எழுதிப் போட்டாள். ஆடிட்டுக்கு, அதாவது கூடத்தைச் சோதித்துப் பார்க்க, ஆள் வருகிறார் என்றதும் கூடம் அமளிப்பட்டது. ஜன்னலுக்கு வலை, கை கழுவத் தனித் தொட்டி, தலைக்கு வலைத்தொப்பி. "இதுல நான் வெங்காய மூட்டை மாதிரி இருக்கேன்" என்று மாவு பிசைகிறவள் அலுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும்விட முக்கியம் முந்திரி. ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அதன் தூள் பட்டாலே மூச்சடைத்துவிடும் என்று சான்றிதழுக்கான பயிற்சி வகுப்பில் சொன்னதிலிருந்து, முந்திரி கலந்த மாவு ஒரு அலமாரி, கலக்காதது இன்னொரு அலமாரி என்று பிரித்தாள். வெள்ளை டப்பாக்கள் எல்லாம் ஒரே அச்சு. நிறத்திலும் மணத்திலும் இரண்டு மாவும் ஒன்றுதான். ஒட்டியிருந்த லேபிள்தான் ஒரே அடையாளம்.

அங்கேதான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். புருஷனுடைய தங்கை. கட்டினவன் கைவிட்டுப் போன பிறகு அண்ணியிடம் வேலைக்கு வந்தவள். வீட்டில் அவளுக்கு 'சுத்தம்' என்றே பட்டப்பெயர். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் நம்மையும் சேர்த்துத் தேய்த்துவிடுவாள். ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயந்திரம் எல்லோரும் கிளம்பிய பிறகு, டப்பாக்களின் வெளிப்பக்கம் பிசுபிசுவென்று இருக்கிறதே என்று, இரண்டு அலமாரியையும் காலி செய்து, மூடியை இறுக்கி, சோப்புத் தண்ணீரில் போட்டுத் தேய்த்திருக்கிறாள். புண்ணியவதி. டப்பாக்கள் பளபளத்தன. லேபிள்கள் தொட்டியில் மிதந்தன.

காலையில் பிஸ்கட்டம்மா வந்தபோது எல்லாம் வரிசையாக, லேபிளோடு நின்றது. "கண்ணுக்கே குளிர்ச்சியா இருக்குடி" என்றாள். நாத்தனார் சிரிக்கவில்லை.

"அண்ணி, லேபிள் எல்லாம் உரிஞ்சு வந்துடுச்சு. குத்துமதிப்பா நான்தான் திருப்பி ஒட்டினேன். எதுல முந்திரி இருக்குன்னு எனக்குத் தெரியாது."

பிஸ்கட்டம்மாவுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. நாக்கு நுனிவரை வந்த வசவை எப்படி விழுங்கினாளோ. மாவு பிசைகிறவள் மெல்லக் கிட்டே வந்தாள். "விடுங்கக்கா. ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும். வர்றவர் என்ன தின்னா பார்க்கப் போறார்? ஆடிட் முடியட்டும், அப்புறம் கொட்டிக்கலாம்."

நல்ல யோசனைதான். அரை மனசாகத் தலையாட்டவும் போனாள். அப்போது நாத்தனாரின் முகம் கண்ணில் பட்டது. ராத்திரி முழுக்க அழுத முகம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது, திட்டும் விழுந்திருக்காது. போக்கிடம் இல்லாதவள் இருக்கிற ஒரே இடத்தையும் பணயம் வைத்து வந்து சொல்கிறாள்.

"எல்லாத்தையும் கொட்டு. நானும் வர்றேன்."

அலமாரி துடைத்துவிட்ட மாதிரி காலியானது. கொட்டி முடிப்பதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. சோதனை அதிகாரி, கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். "ஸ்டாக் ஒண்ணும் இல்லையா?" என்றார். பிஸ்கட்டம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள்.

அவர் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தார். புது மாவு கலக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று கவனித்தார். குளிர்பெட்டி, வடிகால், நகம் வரை பார்த்தார். கடைசியில் உட்கார்ந்து, "லேபிள் தண்ணிக்குத் தாங்கணும். அதை மாத்திட்டு, போட்டோ எடுத்து அனுப்புங்க. மத்தபடி சான்றிதழ் வந்துடும்" என்றார். மாவு பிசைகிறவள் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்புன்னு ஒருத்தர் பேர் போடணும். உங்க பேரையே எழுதிக்கவா?" என்று அவர் பிஸ்கட்டம்மாவைக் கேட்டார்.

"இல்லைங்க" என்று பிஸ்கட்டம்மா நாத்தனாரைக் கைகாட்டினாள். "இவ பேரை எழுதுங்க."

"அண்ணி, கெடுத்ததே நான்தானே?"

"கெடுத்தது நீதான். வந்து சொன்னதும் நீதானேடி. ஒரு பிள்ளையோட உசிரைக் காப்பாத்திக் கொடுத்திருக்கே. உனக்கு நான் எப்படி நன்றி சொல்லப் போறேன்னு தெரியலை."

அதிகாரி பேனாவை எடுத்து, "முழுப் பேர் சொல்லுங்கம்மா" என்றார். நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணிதான் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.