ஏரிக்குள் ஓடிய மூன்று சக்கரக் கார்

அப்பா வீட்டில் இருந்தால் அது மழைக்காலம் என்று அர்த்தம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்குமே அப்படித்தான். வேலை நடக்கும் வட மாநிலங்களில் மழை பிடித்துக்கொண்டால் போர் போட முடியாது. லாரிகள் ஆடியில் ஊர் திரும்பும், மழை விட்டதும் கிளம்பிவிடும். நான் நாலாவது படித்த வருஷம் எல்லா லாரியும் போய்விட்டது, அப்பா மட்டும் போகவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கண் நரம்பு வாடிக்கொண்டே வருகிறது, இனி மருந்தில்லை, ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். இது அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். எனக்குச் சொன்னது, "அப்பாவுக்கு லீவு" என்று மட்டும். வயசெல்லாம் ரோட்டிலேயே கழித்த மனுஷருக்கு ரோடே இல்லை என்று ஆகியிருந்தது. நானோ அந்த லீவு முடியவே கூடாது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையாரைத் தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன். அவரும் கேட்டுத் தொலைத்தார்.

சும்மா உட்காருவது அப்பாவுக்கு வராது. ஐப்பசியில் ஒரு நாள், பழைய பேட்டரி ஆட்டோவின் மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகையில் இறக்கினார். மூன்று சக்கரத்தில் கரண்ட் கார் செய்யப்போகிறாராம். யாருக்கு என்றால் அம்மாவுக்கு.

"நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வாரேன்" என்றார்.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அம்மா, "ஆமாங்க, நான் ஓட்டி நீங்க வந்துட்டாப்பலதான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ரிக் லாரி பட்டறையில் வெல்டர். அப்பா இரும்பைத் தடவித் தடவி அளவு சொல்வார், மாமா பற்றவைப்பார். நான் எட்டிப் பார்த்தால் அப்பா விரட்டுவார். "பொறியப் பாக்காத சாமி, கண்ணு கெட்டுப்போயிரும். அந்தப் பக்கம் போ."

ரிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து கார் செய்தால் என்ன ஆகும்? அவர்கள் கணக்கில் உறுதி என்றால் கனம். அடிச்சட்டத்துக்கு லாரிக்குப் போடும் இரும்புச் சேனல் போட்டார்கள், கூண்டுக்குத் தேய்ந்துபோன போர் பைப்பையே வெட்டி வைத்தார்கள். பாறையைக் குடைந்தாலும் அசையாது. அதுதான் வினையாகிவிட்டது. தை பிறந்ததும் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் 'உம்ம்' என்று முனகியது. பழம் ஒன்றுகூட நசுங்கவில்லை.

"ஏனுங்க, இதுல ஊருக்குப் போறதா, போர் போடறதா?" என்றாள் அம்மா.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தனையையும் அறுத்து எறிந்துவிட்டு, இரும்புக் கட்டிலுக்குப் போடுகிற மெல்லிசுக் குழாயில் மறுபடி செய்தார்கள். மாசியில் வண்டி நகர்ந்தது. சத்தம் என்பதே இல்லை. லாரி இரைச்சலில் வளர்ந்த எங்கள் ஊர் நாய்களுக்கு அதைப் பார்த்துக் குரைப்பதா வேண்டாமா என்றே தெரியவில்லை. அம்மா பயந்து பயந்து பழகி, கடைசியில் பால் சொசைட்டி வரை போய்வந்துவிட்டாள்.

ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக அப்பா கேட்டார். "ஒரே ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

 அம்மா எங்களை ஏற்றிக்கொண்டு வற்றிக் கிடந்த ஏரிக்குள் வண்டியை விட்டாள். நட்ட நடுவில் நிறுத்தி, என்னையும் இறக்கிக்கொண்டு, சீட்டை அவருக்குக் கொடுத்தாள். நல்ல பனி. மலையைக் காணோம், கரையைக் காணோம். எங்களுக்கும் அப்பாவுக்கும் அன்று ஒரே காட்சிதான்.

"நேரா வாங்க. சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க. இன்னுங் கொஞ்சம். அப்படியே வாங்க."

அம்மா நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். வண்டி பனிக்குள் போய் மறையும். சத்தமில்லாததால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. திடீரென்று வேறொரு பக்கத்திலிருந்து மெல்ல வெளியே வரும். அப்பா முதுகை நிமிர்த்தி, ஒரு கையை ஸ்டியரிங்கிலும் மறு கையை வெளியேயும் போட்டு, லாரியில் உட்காருகிற தோரணையில் உட்கார்ந்திருந்தார். எங்களைத் தாண்டும்போது சிரித்த முகமாகத் தாண்டினார். பிறகு மறுபடியும் பனி. இன்றைக்கும் அது கனவில் பார்த்ததா நேரில் பார்த்ததா என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு.

சுற்றிக்கொண்டே இருந்தார். நடுவில் அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "பனி ஒத்துக்கல. நீ சொல்லு சாமி" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கேட்கவா வேண்டும்? இப்படி ஒடிங்க, அப்படி ஒடிங்க என்று நான் கத்தினேன். அவ்வளவு பெரிய டிரைவர் நான் சொன்னபடியெல்லாம் ஒடித்தார். பெருமை தாங்கவில்லை. "நில்லுங்க" என்றதும் என் எதிரிலேயே வந்து நின்றார்.

லாரி ஓட்டுகிறவர்கள் வண்டி எடுக்கும்முன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அப்பா ஊரைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது அவர் அப்படிச் செய்ததே இல்லை. அன்று வண்டி நின்ற பிறகு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் வெகுநேரம் ஒற்றிக்கொண்டார். மறுபடியும் கிளம்பப்போகிறார் என்று நினைத்து, நான் ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "போலாம்ப்பா" என்றேன்.