வெள்ளை வளையம் போட்ட மரத்தில் ஓர் ஆணி

எண்பத்தேழாம் ஆண்டுப் புயல் தென்கிழக்கு இங்கிலாந்தின் காடுகளைச் சாய்த்துவிட்டுப் போனதால்தான் எங்களுக்கு அந்த வேலை கிடைத்தது. விழுந்த மரங்களை அகற்ற ஆள் போதவில்லை. அகதிகளாக வந்து லண்டனில், செவன் கிங்ஸ் பக்கம் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்த எங்களுக்கு எந்த வேலையும் நல்ல வேலைதான். அந்த வேலை முடிந்த பிறகும் எங்களில் இருவரை மட்டும் காட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒருவன் நான். மற்றவர் என்னைவிட நன்றாக மூத்தவர்; அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஆங்கிலம் வராது. அதனால் அவருக்கு வாயும் காதும் நான்தான்.

லண்டனின் ஓரத்தில், பஸ் திரும்புகிற இடத்துக்கு அப்பால், யாரும் நடாமல் தானாக முளைத்த ஓக் காடு அது. அதற்குப் பொறுப்பாக ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். நேராக வளர்ந்து நல்ல பலகை தரக்கூடிய மரங்களாகப் பார்த்து வெள்ளை வளையம் போடுவார். அவற்றின் தலையோடு முட்டிக்கொண்டு நிற்பவற்றுக்குச் செம்மஞ்சள் வளையம். செம்மஞ்சள் போட்டதைக் குளிர்காலத்தில் வெட்டுவோம். வெள்ளை போட்டது இன்னும் நூறு வருடம் நிற்கவேண்டும். அதைச் சுற்றி வளரும் குட்டை மரங்களையும் தொடக்கூடாது. அந்த நிழல் போய் வெளிச்சம் பட்டால் ஓக்கின் அடிமரமெங்கும் சிறுகிளை வெடிக்கும், பலகையில் அது கணுவாகும் என்பார். தான் காணப்போகாத பலகைக்காக இந்த மனிதன் இப்படி மெனக்கெடுகிறானே என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பொறாமையாகவும் இருந்தது. நூறு வருடத்தைப் பற்றிப் பேச அவருக்கு எவ்வளவு தைரியம்.

அண்ணைக்கு ஒரே மகன். இயக்கமோ ஆமியோ கொண்டுபோவதற்கு முன் நாட்டைவிட்டு வெளியே எடுத்துவிட வேண்டும் என்று, களவாக ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்திருந்தார். பெடியன் மொஸ்கோவிலிருந்து ஒரு தடவை போன் எடுத்தான். அதோடு சத்தமில்லை. அண்ணை டெலிபோனைப் பார்த்தபடியேதான் சோறு தின்பார். யாராவது அதிக நேரம் பேசினால் பக்கத்தில் போய் நிற்பார்.

ஒரு வசந்தகாலக் காலையில் வெள்ளைக்காரர் என்னைக் கூப்பிட்டு ஒரு மரத்தைக் காட்டினார். அந்தக் காட்டிலேயே சிறந்த ஓக் அதுதான். தலையுயரத்தில் ஓர் இரும்பு ஆணி. ஆணியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. ஆணிக்குக் கீழே பட்டையில் மை ஊற்றினதுபோல ஒரு கறுத்த கோடு.

எனக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மகன் வந்து சேரவேண்டும் என்று அண்ணைதான் வைரவருக்கு நேர்த்தி வைத்து, காசு முடிந்து தொங்கவிட்டிருக்கிறார். ஊரில் வைரவர் மரத்தடியில்தானே இருக்கிறார்.

வெள்ளைக்காரர் கோபப்படவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. ஓக்கும் இரும்பும் சேர்ந்தால் மரம் கறுக்கும், கறை உள்ளே மேலும் கீழும் ஓடும், ஆணி இருக்கிற மரத்தை எந்த மில்காரனும் வாங்கமாட்டான் என்றார். இப்போதே கழற்றினால் பிழைக்கலாம். இலை கொட்டும்வரை பொறுப்பேன். அதற்குப் பிறகு இந்த மரத்துக்குச் செம்மஞ்சள் போட்டு, பக்கத்து மரத்துக்கு இடம் விடவேண்டியதுதான் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, ஆணி அடிக்க உங்களுக்கு வேற மரம் கிடைக்கேல்லையோ? கோணல் மாணலா எத்தனை நிக்குது."

"வைரவருக்குக் கோணல் மரத்தைக் குடுக்கிறதோ?" என்றார்.

"கழட்டாட்டி மரத்தை வெட்டுவினம்."

"நேர்த்தியைப் பாதியில கழட்டேலாது தம்பி. அவன் வந்து இறங்கட்டும். அண்டைக்கே நான் கழட்டித் தாறன்."

அலுமினிய ஆணி என்றால் கறை பிடிக்காதாம். நூறு வருடக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அது தெரியும். வைரவரோடு கணக்கு வைத்திருந்தவருக்கு அதை யார் சொல்வது?

கோடை முழுவதும் நாங்கள் அந்த மரத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போனோம். அண்ணை நின்று முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் கறையைத்தான் பார்ப்பேன். அது நீண்டுகொண்டே வந்தது. இலைகள் பழுக்கத் தொடங்கின. வெள்ளைக்காரர் பெயின்ட் டப்பாவோடு வரும் நாட்களில் டப்பாவின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒரு பின்னேரம் போன் வந்தது. ஏஜென்சிக்காரன்தான். போலந்து எல்லையில் பூட்டிய லொறியொன்றைத் திறந்தபோது உள்ளே எவருக்கும் உயிர் இல்லை என்றான். பெடியனும் அதற்குள் இருந்தான். அண்ணை போனைக் கையில் பிடித்தபடியே இருந்தார். அது அறுந்து வெகுநேரமாகியும் வைக்கவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன்.

மறுநாள் காலை வேலைக்கு வான் வரும் இடத்தில் எனக்கு முன்னே வந்து நின்றார்.

"இண்டைக்கு வேண்டாம் அண்ணை."

"வீட்டில இருந்து என்ன செய்யிறது?"

காட்டில் இறங்கியதும் கருவிப் பெட்டியிலிருந்து ஆணி பிடுங்கும் குறடொன்றை எடுத்துக்கொண்டு நேரே அந்த மரத்துக்குப் போனார். சாவுத் துடக்கோடு நேர்த்தியைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரியாததல்ல. தொட்டார். முடிச்சை ஆணியிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். துருப்பிடித்திருந்தது. வரமாட்டேன் என்று நின்று, கடைசியில் வந்தது.

அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரர் வந்தார். கையில் செம்மஞ்சள் டப்பா. அது நேர்த்தி என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்; முதல்நாள் வந்த போனைப் பற்றி அவருக்குத் தெரியாது. துளையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுண்டுவிரலை வைத்துப் பார்த்து, கறை ஆழமாகப் போயிருக்காது, பட்டை மூடிக்கொள்ளும் என்றார். அண்ணையின் தோளில் தட்டினார். இது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது, நன்றி என்று சொல், மரம் தப்பிவிட்டது என்று சொல் என்றார் என்னிடம்.

அண்ணை என்னைப் பார்த்தார். "என்னவாம் தம்பி?"

இருவரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"மரம் தப்பீட்டுதாம் அண்ணை."

அவர் துணி முடிச்சைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"ஓம்," என்றார். "அதெண்டாலும் தப்பட்டும்."