இயற்றியவர் பெயர் தெரியவில்லை

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக் கொடுப்போம். கல்லில் வெட்டுவதல்ல, இறந்தவரின் படமும் வரலாறும் நாலு தேவாரமும் போட்டு அச்சடித்த சின்னப் புத்தகம். சாப்பிட்டுப் போகிறவர்கள் ஆளுக்கொன்று கொண்டுபோவார்கள்.

கொக்குவிலில் எங்கள் பக்கத்து வளவு அக்காவின் கல்வெட்டைப் பந்தியில் இருந்துகொண்டுதான் பிரித்தேன். இரண்டு பக்கம் முழுக்க உறவு. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, கனடா மருமகள், சுவிஸ் சம்பந்தி. சம்பந்தியின் உத்தியோகம்கூட இருந்தது. அக்கா நாற்பது வருடம் பாட்டுக் கட்டியவர், பள்ளிக்கூடங்களுக்கு நாடகம் எழுதியவர் என்று ஒரு வரி இல்லை.

அவருக்கு மெட்டும் தானாக வரும். புட்டை அவிய வைத்துவிட்டு, அது அவிந்து முடிவதற்குள் ஒரு சரணம் முடிப்பார். போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது ஆர்மோனியத்தை விட்டுவிட்டு, பாட்டுக் கொப்பிகளை உரப்பையில் கட்டிச் சுமந்தார். “பெட்டி வேண்டலாம். உதுகளை எந்தக் கடையிலை வேண்டுறது?” என்றார்.

கடைசிப் பக்கத்தில் எங்கள் அம்மன் கோயில் ஊஞ்சற்பாட்டு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய பாட்டு. அதன் கீழே அச்சில்: “இயற்றியவர் பெயர் தெரியவில்லை.”

அவருடைய கல்வெட்டிலேயே! இலையை மூடிவைத்தேன்.

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அக்காவின் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கோயிலின் பழைய புத்தகத்தில் பெயர் இல்லை, அதனால் அப்படிப் போட்டேன் என்றான். ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். பெண்ணின் பெயர் கோயில் புத்தகத்துக்குச் சரிவராது என்று அன்றைய முகாமையாளர் சொன்னார். கோயில் அம்மாளுக்குத் தெரியும்தானே என்று அக்கா சிரித்துவிட்டு வந்தார். பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் என்மேலும் உண்டு.

“அம்மா பாட்டு எழுதுறவ எண்டு தெரியும், அன்ரி. உது பழம்பாட்டு எண்டெல்லோ நினைச்சன்.”

“பழசுதான், தம்பி. உன்னை வயித்திலை வைச்சிருக்கேக்கை கட்டினது.”



கை கழுவிவிட்டு, வாசலில் கல்வெட்டுகள் அடுக்கியிருந்த மேசையில் போய் இருந்தேன். ஒவ்வொன்றிலும் அந்த வரியைக் கோடிட்டு வெட்டி, “சொல்லும் மெட்டும் முன்பக்கப் படத்தில் இருப்பவருடையவை” என்று பேனையால் எழுதிக் கொடுத்தேன். முன்னால் வரிசை நீண்டது. துக்க வீட்டில் இதென்ன வேலை, பிள்ளை என்றார் ஒரு பெரியவர். பாயாசம் குடித்தீர்களா என்று கேட்டு, அவருடைய பிரதியையும் எழுதிக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்தபிறகுதான் கனடாவுக்கென்று ஒரு கட்டு ஏற்கெனவே பயணப் பெட்டிக்குள் போய்விட்டது தெரிந்தது. அங்கேதான் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மறுநாள் விடியவே பேனையோடு போனேன். விமான நிலையம் போக வந்த வான் படலை வாசலில் நின்றது.

“பெட்டியைத் திற, தம்பி,” என்றேன்.