வைக்கோல் வண்டியும் போன் கம்பியும்

எங்கள் ஊருக்குப் போன் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கண்டனூர்ப் பக்கம் பெரிய வீடுகளில் அதற்கு முன்பே மணியடித்துக்கொண்டிருந்தது. கல்லலிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த எங்களுக்குத் தபாலாபீசில் ஒன்றே ஒன்று. கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் எடுப்பார்கள். ரோட்டோரமாகக் கம்பம் நட்டு இரண்டு கம்பி இழுத்திருந்தார்கள். ஒன்று நாம் பேசுவது போக, மற்றது அவர்கள் பேசுவது வர என்று ஊரே நம்பியது. பத்தாவது வரை படித்த நானும் நம்பினேன்.

எனக்கு ஒரே தங்கை. மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் இரண்டு ஆம்பளைகள் என்ன பிரசவம் பார்ப்பது? மதுரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். நாள் நெருங்கியபோது தை அறுவடை. நான் போய் இருக்கிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை.

"அதான் போன் இருக்குல்ல? வலி கண்டா மாப்பிள்ளை கூப்பிடப் போறாக. மூணு மணி நேரம், பஸ்ஸுல போயிறலாம்."

மாப்பிள்ளையும் அப்படித்தான் கடிதம் போட்டிருந்தார். எனக்கும் களத்தில் வைக்கோல் கிடந்தது. அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

களத்திலிருந்து வீட்டுக்கு வண்டி வர ரோட்டைக் கடக்க வேண்டும். அந்த இடத்தில்தான் போன் கம்பி தொய்ந்து கிடந்தது. பாரத்தின் மேல் உட்கார்ந்து கவட்டைக் கம்பால் அதைத் தூக்கிவிட்டால்தான் வண்டி நுழையும். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று வந்து மாட்டும். அன்று விடிந்தும் விடியாமல் ஓட்டி வந்த முதல் வண்டியே மாட்டி, பாதி வைக்கோல் ரோட்டில் சரிந்தது. மேகம் வேறு திரண்டிருந்தது. கூட ஆள் இல்லை. வந்த ஆத்திரத்தில் பாரத்தின் மேல் ஏறி நின்று, இரண்டு கம்பியையும் இழுத்து ஒன்றோடு ஒன்றாகச் சேர்த்து, வைக்கோல் பிரியால் இறுக்கிக் கட்டினேன். அதன்பிறகு ஒரே தூக்கில் வண்டி போனது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு. சாயங்காலம் வரை ஓட்டினேன். கட்டை அவிழ்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அந்த வாரம் முழுக்க அப்பாவுக்குத் தபாலாபீசில்தான் இருப்பு. அன்றைக்குப் போஸ்ட்மாஸ்டர் எதற்கோ கைப்பிடியைச் சுற்றப் போனதையும் தடுத்திருக்கிறார். "நீங்க சுத்திக்கிட்டு இருந்தா மாப்பிள்ளைக்கு எங்குட்டு லைன் கிடைக்கும்? சும்மா இருங்க" என்றாராம். மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் கேட்டேன்.

"மணியே அடிக்கல. நல்லாத்தான் இருக்கா போல."

நிம்மதியாக இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாப்பிள்ளையின் தம்பி வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்ததுமே அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்துக் காலையில எட்டு மணியிலருந்து கூப்பிட்டோம். லைன் கிடைக்கல, கிடைக்கலன்னே சொன்னாக" என்று அழுதார் அவர்.

தங்கை போனது சாயங்காலம் ஐந்து மணிக்கு. பிள்ளையும் தங்கவில்லை. "எங்கண்ணன் வந்திருச்சா, எங்கண்ணன் வந்திருச்சா" என்று நினைவு தப்பும்வரை கேட்டிருக்கிறாள். எட்டு மணிக்குச் சேதி கிடைத்திருந்தால் மத்தியானத்துக்குள் அவள் பக்கத்தில் இருந்திருப்பேன்.

அடக்கம் முடிந்து ஊர் திரும்பிய இரண்டாம் நாள், டீக்கடையில் லைன்மேன் சொன்னார்: "எவனோ வெவரங்கெட்ட பய ரெண்டு கம்பியையும் சேத்துக் கட்டி வச்சிருக்கான். ரெண்டும் தொட்டுக்கிட்டா லைன் செத்துப் போகும்யா."

அப்பா எழுந்து போய் ரோட்டு மண்ணை அள்ளித் தூற்றினார். "அவன் கை வெளங்காமப் போக! அவன் குடும்பம் அத்துப் போக!" தன் குடும்பத்துக்குத்தான் சாபம் விடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. நான் டீ கிளாசைப் பிடித்தபடி நின்றேன். துக்கத்தில் வாய் அடைத்துப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். பொய். பயம். அப்பா சாகும்வரை சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மதுரை போனோம். பந்தி முடிந்ததும் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பாதி ஆளாக இளைத்திருந்தார்.

"மச்சான், லைன் இல்லைன்னதும் நான் ஒரு ஆளப் பஸ் ஏத்தி அனுப்பியிருக்கணும். இந்தா கிடைச்சிரும், இந்தா கிடைச்சிரும்னு போனையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். கடைசியா உங்கள அவ கண்ணுல காட்டாமப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிருங்க மச்சான்."

என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

"விடுங்க மாப்பிள்ளை, நீங்க என்ன பண்ணுவீக" என்று சொல்லி, நான் அவரை மன்னித்தேன்.